அலிஸ் மிலியா

அலிஸ் மிலியா (மே 5, 1884 - மே 19, 1957) பிரான்சு நாட்டைச் சேர்ந்த விளையாட்டு அமைப்பாளரும் துடுப்புப் படகோட்ட வீராங்கனையும் ஆவார். பெண்களுக்கான தடகளப் போட்டிகளை ஒலிம்பிக் விளையாட்டுகளில் சேர்க்க வேண்டும் என்று 1919 ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து போராடியவர். ஒலிம்பிக் குழு மறுத்தபோது 1921 இல் பன்னாட்டு மகளிர் விளையாட்டுக் கூட்டமைப்பை நிறுவி, 1922 முதல் 1934 வரை நான்கு முறை பெண்களுக்கான உலக விளையாட்டுகளை நடத்திக் காட்டினார். இவ்விளையாட்டுகளின் வெற்றியே 1928 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் தடகளத்தில் முதன்முறையாகப் பங்கேற்க வழிவகுத்தது.

மிலியா மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொண்டவர் அல்லர். அவருடைய காலத்தில் பெண்களுக்கென மாரத்தான் போட்டி நடைபெறவும் இல்லை. எனினும் ஒரு பெண் எவ்வளவு தொலைவு ஓடலாம், அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வியைப் பன்னாட்டு விளையாட்டு அமைப்புகளின் முன் வைத்தவர் என்ற வகையில், பெண்களின் நெடுந்தொலைவு ஓட்ட வரலாறு இவரிடமிருந்து தொடங்குவதாகக் கருதப்படுகிறது.

இளமைக்காலம்

அலிஸ் ஜோசபின் மரி மில்லியோன் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் பிரான்சின் மேற்குப் பகுதியில் உள்ள நாந்த் நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இளம் வயதில் இங்கிலாந்து சென்ற இவர், 1904 இல் அங்கு ஜோசப் மிலியா என்பவரை மணந்தார். கணவரும் நாந்த் நகரைச் சேர்ந்தவரே. ஜோசப் 1908 ஆம் ஆண்டில் இறந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அலிஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவரின் குடும்பப் பெயரையே இறுதி வரை பயன்படுத்தினார்.

இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் பெண்கள் கழகங்கள் அமைத்து விளையாடுவதை இவர் நேரில் கண்டார். துடுப்புப் படகோட்டத்தில் ஈடுபாடு கொண்டு, 80 கிலோமீட்டர் தொலைவை 12 மணி நேரத்திற்குள் துடுப்பு வலித்துக் கடப்பவர்களுக்கு வழங்கப்பட்ட சான்றிதழைப் பெற்றார். பிற மொழிகளில் பெற்ற தேர்ச்சியால் பிரான்சு திரும்பியபின் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பல நாட்டு அமைப்புகளுடன் கடிதப் போக்குவரத்து நடத்துவதற்கும், மாநாடுகளில் இடைத்தரகர் இன்றி வாதாடுவதற்கும் இம்மொழியறிவு பின்னாளில் பெரிதும் உதவியது.

அக்காலச் சூழல்

1896 ஆம் ஆண்டு ஏதென்சில் நடைபெற்ற முதலாவது புதுக்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமில்லை. 1900 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் டென்னிசு, கோல்ஃப் ஆகியவற்றில் பெண்கள் கலந்துகொண்டனர். 1912 இல் நீச்சல் சேர்க்கப்பட்டது. ஆனால் ஒலிம்பிக்கின் மையமாகக் கருதப்பட்ட தடகளம் பெண்களுக்கு மூடியே இருந்தது. ஒலிம்பிக் இயக்கத்தின் நிறுவனரான பியர் டி கூபர்ட்டின், ஒலிம்பிக் என்பது ஆண்களின் களம் என்றும், வெற்றி பெற்றவர்களுக்கு முடி சூட்டுவதே அதில் பெண்களின் பங்கு என்றும் கருதினார்.

அன்றைய மருத்துவக் கருத்தும் இதற்குத் துணை நின்றது. கடுமையான உழைப்பு, குறிப்பாக நீண்ட நேர ஓட்டம், பெண்களின் கருப்பையைப் பாதிக்கும், தாய்மைக்கு ஊறு விளைவிக்கும் என்று மருத்துவர்கள் பலர் எழுதி வந்தனர். இவற்றிற்கு ஆய்வு அடிப்படை எதுவும் இல்லை. வயல்களிலும் ஆலைகளிலும் பெண்கள் நாள் முழுதும் செய்துவந்த கடும் உழைப்பு இத்தகைய கவலையை எழுப்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பிரான்சில் அமைப்புப் பணி

பாரிசில் இயங்கிய பெண்கள் விளையாட்டுக் கழகமான ஃபெமினா ஸ்போர்ட்டில் சேர்ந்த மிலியா, 1915 ஆம் ஆண்டில் அதன் தலைவரானார். முதல் உலகப் போர் நடைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட, ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பெண்கள் பணியாற்றத் தொடங்கினர். விளையாட்டுக் களங்களிலும் அவர்களுடைய எண்ணிக்கை பெருகியது. 1917 ஆம் ஆண்டில் பிரான்சில் பெண்களுக்கான முதலாவது தேசியத் தடகளப் போட்டி நடத்தப்பட்டது.

அதே காலப்பகுதியில் பெண்கள் கழகங்கள் ஒன்றிணைந்து பிரெஞ்சு மகளிர் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பை உருவாக்கின. மிலியா அதன் பொருளாளராகவும் பின்னர் பொதுச் செயலாளராகவும் இருந்து, 1919 மார்ச்சில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களின் விளையாட்டு அமைப்பை ஒரு பெண்ணே தலைமையேற்று நடத்துவது அக்காலத்தில் அரிதான ஒன்றாகும்.

இக்கூட்டமைப்பு தடகளம் மட்டுமன்றிக் கால்பந்து, கூடைப்பந்து முதலிய விளையாட்டுகளிலும் போட்டிகளை நடத்தியது. 1920 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பெண்கள் கால்பந்து அணி ஒன்று இங்கிலாந்து சென்று, பிரெஸ்டன் நகரின் புகழ்பெற்ற டிக், கெர் மகளிர் அணியுடன் நான்கு ஆட்டங்களில் மோதியது. ஏப்ரல் 30 அன்று பிரெஸ்டனில் நடந்த முதல் ஆட்டத்தை ஏறத்தாழ 25,000 பேர் கண்டனர். இலண்டனில் நடைபெற்ற கடைசி ஆட்டத்தில் பிரெஞ்சு அணி வென்றது. பெண்கள் விளையாட்டைக் காண மக்கள் வருவார்கள் என்பதை இப்பயணம் காட்டியது. ஆனால் 1921 டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கழகங்களின் திடல்களில் பெண்கள் ஆடுவதற்குத் தடை விதித்தது. ஆண்களின் அமைப்பு ஒன்றின் தயவில் இருக்கும் விளையாட்டு ஒரே முடிவில் முடக்கப்படலாம் என்பதற்கு இது ஒரு சான்றாக அமைந்தது.

பன்னாட்டு மகளிர் விளையாட்டுக் கூட்டமைப்பு

1920 ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான தடகளப் போட்டிகளைச் சேர்க்குமாறு மிலியா 1919 இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவைக் கேட்டுக்கொண்டார். குழு மறுத்துவிட்டது. அடுத்த ஒலிம்பிக்கிற்கும் அதே நிலைப்பாடே தொடர்ந்தது.

இதற்கிடையில் 1921 மார்ச்சில் மொனாக்கோ நாட்டின் மான்டே கார்லோவில், சூதாட்ட மாளிகையை ஒட்டிய புறா சுடும் திடலில், பெண்களுக்கான பன்னாட்டுப் போட்டி ஒன்று நடைபெற்றது. பிரான்சு, இங்கிலாந்து, இத்தாலி, நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் வீராங்கனைகள் இதில் பங்கேற்றனர். பெண்களின் பன்னாட்டுப் போட்டி நடத்தக்கூடிய ஒன்றே என்பது இதனால் உறுதியானது.

அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று பாரிசில் பல நாட்டுப் பேராளர்கள் கூடிப் பன்னாட்டு மகளிர் விளையாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கினர். மிலியா அதன் தலைவரானார். போட்டி விதிகளை வகுத்தல், உலகச் சாதனைகளைப் பதிவு செய்தல், பன்னாட்டுப் போட்டிகளை நடத்துதல் ஆகியவை இவ்வமைப்பின் முதன்மைப் பணிகளாக இருந்தன. அதுவரை ஒரு பெண் எவ்வளவு விரைவாக ஓடினாலும் அதைப் பதிவு செய்யப் பன்னாட்டு அமைப்பு ஏதும் இருக்கவில்லை.

1922 பாரிஸ் விளையாட்டுகள்

1922 ஆகஸ்ட் 20 அன்று பாரிசின் பெர்ஷிங் அரங்கில் பெண்கள் ஒலிம்பிக் விளையாட்டுகள் என்ற பெயரில் முதலாவது போட்டி நடைபெற்றது. பிரான்சு, இங்கிலாந்து, ஐக்கிய அமெரிக்கா, செக்கோஸ்லோவாக்கியா, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து 77 வீராங்கனைகள் கலந்துகொண்டனர். ஒரே நாளில் 11 போட்டிகள் நடத்தப்பட்டன; 18 உலகச் சாதனைகள் முறியடிக்கப்பட்டன. ஏறத்தாழ 20,000 பார்வையாளர்கள் வந்திருந்தனர்.

இவற்றுள் மிக நீண்ட ஓட்டம் 1000 மீட்டர் ஆகும். பிரான்சின் லூசி பிரெயார் இதில் வென்றார். பெண்களுக்குக் குறுந்தொலைவு ஓட்டங்களே போதும் என்ற பொதுக் கருத்தைக் கூட்டமைப்பு ஏற்கவில்லை என்பதை இப்போட்டி காட்டுகிறது.

ஒலிம்பிக் என்னும் பெயரைப் பயன்படுத்தியது பன்னாட்டு ஒலிம்பிக் குழுவைச் சினமடையச் செய்தது. பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த சுவீடனைச் சேர்ந்த சிக்ஃப்ரிட் எட்ஸ்ட்ரோமும் பெண்கள் தடகளம் தம் அமைப்பின் கட்டுப்பாட்டிற்கு வெளியே வளர்வதை விரும்பவில்லை. பெண்களின் போட்டிகளைத் தடுக்க இயலாது என்பது தெளிவானதும், அவற்றைத் தம் வசம் கொண்டுவருவதே இவ்விரு அமைப்புகளின் நோக்கமாயிற்று.

பெயர் குறித்த உடன்பாடு

1925 இல் கூபர்ட்டின் ஒலிம்பிக் குழுத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மகளிர் கூட்டமைப்பு தன் போட்டிகளுக்கு ஒலிம்பிக் என்ற பெயரைக் கைவிடும். அதற்கு ஈடாக 1928 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் நடத்தப்படும். இதன்படி 1926 ஆகஸ்டில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்த இரண்டாவது போட்டிக்கு மகளிர் உலக விளையாட்டுகள் என்று பெயரிடப்பட்டது. சப்பானிலிருந்து தனி ஒருவராக வந்திருந்த கினுவே ஹிட்டோமி நீளம் தாண்டுதலில் 5.50 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தார்.

மிலியா முழுமையான போட்டி நிரலை எதிர்பார்த்திருந்தார். ஆனால் சோதனை முயற்சி என்ற பெயரில் ஐந்து போட்டிகளுக்கு மட்டுமே ஒப்புதல் கிடைத்தது. அவை 100 மீட்டர் ஓட்டம், 800 மீட்டர் ஓட்டம், 4x100 மீட்டர் தொடரோட்டம், உயரம் தாண்டுதல், வட்டெறிதல் ஆகியனவாகும். பெயரை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த விலை மிகக் குறைவு என்று கருதிய இங்கிலாந்து வீராங்கனைகள் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கின் தடகளப் போட்டிகளைப் புறக்கணித்தனர். மிலியா மனக்குறையுடன் இம்முடிவை ஏற்றுக்கொண்டு, ஆம்ஸ்டர்டாமில் தடகள நடுவர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார்.

1928 ஆம் ஆண்டின் 800 மீட்டர் ஓட்டம்

1928 ஆகஸ்ட் 2 அன்று பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம் நடைபெற்றது. செருமனியின் லீனா ரட்கே 2 நிமிடம் 16.8 நொடிகளில் ஓடி உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். கினுவே ஹிட்டோமி வெள்ளியும், சுவீடனின் இங்கா கென்ட்செல் வெண்கலமும் பெற்றனர். முதல் மூவருமே அதுவரை இருந்த உலகச் சாதனையைவிட விரைவாக ஓடினர்.

ஆனால் செய்தித்தாள்கள் இதை வேறுவிதமாக எழுதின. ஓட்டத்தின் முடிவில் பெண்கள் பலர் மயங்கி விழுந்தனர் என்றும், பாதியில் பலர் விலகினர் என்றும், இது காணச் சகியாத காட்சி என்றும் பல நாட்டு ஏடுகளில் செய்திகள் வந்தன. பதினொரு பேர் ஓடியதாகவும் ஐவர் முடிக்கவில்லை என்றும் ஓர் அமெரிக்கச் செய்தி கூறியது. உண்மையில் இறுதி ஓட்டத்தில் கலந்துகொண்டவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தனர். முழு வலிமையையும் செலவிட்டு ஓடியவர்கள் கோட்டைக் கடந்ததும் களைத்துத் தரையில் சாய்வது ஆண்களின் போட்டிகளிலும் வழக்கமாகக் காணப்படுவதே.

இச்செய்திகளை எதிர்ப்பாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர். பெண்கள் தடகளத்தையே ஒலிம்பிக்கிலிருந்து நீக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பின் மாநாட்டில் பெண்கள் தடகளம் தொடர்வதற்குப் பெரும்பான்மை ஆதரவு கிடைத்தது. ஆனால் 800 மீட்டர் ஓட்டம் நீக்கப்பட்டது. 1932 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிக நீண்ட தனிநபர் ஓட்டம் 100 மீட்டராகச் சுருங்கியது. 800 மீட்டர் ஓட்டம் மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற 1960 வரை, அதாவது 32 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹிட்டோமி 1931 இல் தமது 24 ஆவது வயதில் நுரையீரல் அழற்சியால் இறந்தார். அவர் இறந்த நாளும் ஆகஸ்ட் 2 ஆகும்.

மகளிர் உலக விளையாட்டுகளின் பட்டியல்

- 1922 - பாரிஸ், பிரான்சு (பெண்கள் ஒலிம்பிக் விளையாட்டுகள் என்ற பெயரில்), 5 நாடுகள்
- 1926 - கோத்தன்பர்க், சுவீடன்
- 1930 - பிராகா, செக்கோஸ்லோவாக்கியா, 17 நாடுகள்
- 1934 - இலண்டன், இங்கிலாந்து, 19 நாடுகள்

ஒலிம்பிக்கில் நீக்கப்பட்ட 800 மீட்டர் ஓட்டம் 1930, 1934 ஆகிய இரு விளையாட்டுகளிலும் நடத்தப்பட்டது. ஏறத்தாழ இக்காலம் முழுதும் பெண்களின் நடுத்தொலைவு ஓட்டத்திற்கு உலக அளவில் இருந்த ஒரே மேடை இதுவேயாகும்.

கூட்டமைப்பின் முடிவு

பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்புடனான இழுபறி 1930களில் முற்றியது. பெண்களுக்கு முழுமையான போட்டி நிரல் வழங்க வேண்டும், அல்லது ஒலிம்பிக்கில் பெண்கள் பங்கேற்பையே நிறுத்திவிட்டு மகளிர் விளையாட்டை முழுவதும் தம் கூட்டமைப்பிடம் விட்டுவிட வேண்டும் என்று மிலியா வற்புறுத்தினார். பாதி இடம் பெற்று அடங்கியிருப்பதைவிட முழு இடம் பெற்றுத் தனித்திருப்பது மேல் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்ததை இது காட்டுகிறது.

இக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. அதே நேரத்தில் மகளிர் கூட்டமைப்பு உள்ளுக்குள் வலுவிழந்து வந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் நிதி சுருங்கியது. பல நாடுகளில் மகளிர் சங்கங்கள் ஆண்களின் சங்கங்களோடு இணைக்கப்பட்டன. 1936 ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு பெண்கள் தடகளத்தின் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. மகளிர் கூட்டமைப்பு பதிவு செய்திருந்த சாதனைகளை அது ஏற்றுக்கொண்டது. 1938 இல் வியன்னாவில் பெண்களுக்கான ஐரோப்பியத் தடகளப் போட்டி நடத்தப்பட்டது. மகளிர் உலக விளையாட்டுகள் அதன்பின் நடைபெறவில்லை.

மிலியா பெண்களின் வாக்குரிமையையும் ஆதரித்தார். வாக்கு இல்லாததால்தான் விளையாட்டுத் திடல்களுக்கும் அரசு நிதிக்கும் பெண்கள் கோரும் உரிமை செவிமடுக்கப்படுவதில்லை என்பது அவருடைய வாதம். பிரான்சில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944 இல்தான்.

மறைவு

1936 இற்குப் பிறகு மிலியா பொது வாழ்விலிருந்து விலகினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய விளையாட்டு வரலாறுகளில் அவர் பெயர் அரிதாகவே இடம்பெற்றது. 1957 மே 19 அன்று பாரிசில் தமது 73 ஆவது வயதில் காலமானார். அவரது உடல் நாந்த் நகரின் சேன் ஜாக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. நெடுங்காலம் அக்கல்லறையில் அவருடைய பெயர் பொறிக்கப்படவில்லை.

800 மீட்டரிலிருந்து மாரத்தான் வரை

மிலியா இறந்தபோது ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிக நீண்ட ஓட்டம் 200 மீட்டர் ஆகும். இது 1948 இல் சேர்க்கப்பட்டது. அதன்பின் தொலைவு படிப்படியாகக் கூடியது.

- 1960 ரோம் - 800 மீட்டர் மீண்டும் சேர்க்கப்பட்டது
- 1964 டோக்கியோ - 400 மீட்டர்
- 1972 மியூனிக் - 1500 மீட்டர்
- 1984 லாஸ் ஏஞ்சலஸ் - 3000 மீட்டர், மாரத்தான்
- 1988 சியோல் - 10,000 மீட்டர்

மாரத்தானைப் பொறுத்தவரை, மாற்றம் ஒலிம்பிக்கிற்கு வெளியே தொடங்கியது. 1966 இல் பாபி கிப் பதிவு எண் இன்றியே பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தார். 1967 இல் கேத்தரின் சுவிட்சர் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு பதிவு செய்து, பதிவு எண்ணுடன் அதே மாரத்தானை ஓடினார். வழியில் போட்டி அலுவலர் ஒருவர் அவரைப் பிடித்து வெளியேற்ற முயன்ற ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. 1972 இல் பாஸ்டன் மாரத்தான் பெண்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது. 1973 இல் மேற்குச் செருமனியின் வால்ட்னீல் என்னும் சிற்றூரில், மருத்துவர் எர்னஸ்ட் வான் ஆகென் பெண்களுக்கு மட்டுமான மாரத்தான் போட்டியை நடத்தினார். நெடுந்தொலைவு ஓட்டத்திற்குப் பெண்களின் உடல் ஏற்றதே என்று வாதிட்ட மருத்துவர்களுள் அவர் முன்னோடியாவார்.

1981 இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு பெண்கள் மாரத்தானுக்கு ஒப்புதல் அளித்தது. அக்குழுவில் முதன்முறையாகப் பெண்கள் உறுப்பினர்களானதும் அதே ஆண்டில்தான். 1984 ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சலசில் நடந்த முதலாவது ஒலிம்பிக் பெண்கள் மாரத்தானில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடிகளில் ஓடி வென்றார். நார்வேயின் கிரேட்டா வைட்ஸ் வெள்ளியும், போர்த்துக்கல்லின் ரோசா மோட்டா வெண்கலமும் பெற்றனர். ஆண்களுக்கான முதலாவது ஒலிம்பிக் மாரத்தான் நடந்து 88 ஆண்டுகள் கழிந்திருந்தன.

மதிப்பீடு

1926 உடன்பாடு குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. ஒலிம்பிக் என்ற பெயரை விட்டுக்கொடுத்ததன் மூலம் மகளிர் கூட்டமைப்பு தன் வலிமையான கருவியை இழந்தது என்பது ஒரு கருத்து. ஒலிம்பிக்கிற்குள் நுழைந்த பெண்கள் தடகளம் ஆண்களே முடிவெடுக்கும் அவைகளின் கீழ் வந்தது. 800 மீட்டர் ஓட்டம் நீக்கப்பட்டபோது அதைத் தடுக்கும் வாக்கு வலிமை மிலியாவிடம் இல்லை. தனி அமைப்பாகத் தொடர்ந்திருந்தால் நெடுந்தொலைவு ஓட்டங்கள் முன்னரே வளர்ந்திருக்கலாம் என்று இக்கருத்தினர் கூறுவர்.

நிதியும் அரசு ஆதரவும் இல்லாத ஓர் அமைப்பு நெடுங்காலம் தனித்து நின்றிருக்க முடியாது என்பது மறு கருத்து. இவர்களைப் பொறுத்தவரை, ஐந்து போட்டிகளாயினும் ஒலிம்பிக்கின் கதவு ஒருமுறை திறந்தபின் மீண்டும் அடைக்கப்படவில்லை என்பதே முதன்மையானது. 1928 இற்குப் பின் பெண்கள் தடகளம் இல்லாத ஒலிம்பிக் நடைபெறவில்லை.

நினைவு

மிலியாவின் பெயரால் 2016 இல் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. 2021 மார்ச் 8 அன்று, உலக மகளிர் நாளில், பாரிசில் உள்ள பிரெஞ்சு ஒலிம்பிக் குழுவின் தலைமையகத்தில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. அதே கூடத்தில் கூபர்ட்டினின் சிலையும் உள்ளது.

2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் சேன் ஆற்றங்கரையில் பிரெஞ்சு வரலாற்றின் பத்துப் பெண்களுக்குப் பொன்னிறச் சிலைகள் எழுப்பப்பட்டன. அவற்றுள் மிலியாவின் சிலையும் ஒன்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்ட முதலாவது ஒலிம்பிக் அதுவாகும். வழக்கமாக ஆண்கள் மாரத்தான் நடைபெறும் நிறைவு நாளான ஆகஸ்ட் 11 அன்று பெண்கள் மாரத்தான் நடத்தப்பட்டது. 1789 ஆம் ஆண்டு பாரிசுப் பெண்கள் வெர்சாய் அரண்மனை நோக்கி நடந்த பேரணியை நினைவுகூரும் வகையில் அதன் பாதை அமைக்கப்பட்டிருந்தது. நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 2 மணி 22 நிமிடம் 55 நொடிகளில் ஓடி ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றார். 2025 ஆம் ஆண்டில் சிம்பாப்வேயின் கிர்ஸ்டி கோவென்ட்ரி பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முதல் பெண் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.